அம்மாவின் ஞாயிறு அழைப்பும் மருதங்கேணிக் காணியும்

"சித்தப்பாவுக்குச் சீனி கூடிப்போச்சு, காலில புண் ஆறேல்லை. சின்னவளுக்குச் சம்பந்தம் சரிவந்திட்டுது, ஆவணியில கலியாணம். அது கிடக்கட்டும் பிள்ளை, எங்கட மருதங்கேணிக் காணியும் போகப்போகுதாம்."

அம்மாவுக்கு வீட்டுக்கதையும் நாட்டுக்கதையும் ஒரே மூச்சில்தான் வரும். டொரண்டோவில் தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருந்த எனக்கு விளங்க நேரம் எடுத்தது. 2025 மார்ச் 28ஆம் திகதி அரசாங்கம் வெளியிட்ட காணி வர்த்தமானி அறிவித்தலைத்தான் சொல்றா. வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. அதில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டம். எங்கட மருதங்கேணியும் அந்த மாவட்டத்தின் கிழக்குக் கரையில்தான்.

எங்கட காணி உறுதிப் பத்திரம் 2004 சுனாமியில் அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியோடு போனது. பங்காளிகளில் மாமா ஜேர்மனி, பெரியம்மாவின் பிள்ளைகள் லண்டன், நான் இங்கே. "கையெழுத்து வைக்க ஊரில ஆர் இருக்கினம்?" எண்டு அம்மா கேட்டதுக்கு என்னட்டைப் பதில் இல்லை.

வீட்டுக்குள்ளேயும் சண்டை. தம்பி 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் திசைகாட்டிச் சின்னத்துக்கு, அதாவது அரசாங்கக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போட்டவன். யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்குப் போனது இப்படியான பெடியளாலதான். சித்தப்பா வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சியை விட்டு அசையாத ஆள். ரெண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுறேல்லையாம். அம்மா ஆருக்குப் போட்டவ? மை பூசின விரலின் படம் மட்டும் எனக்கு வந்தது!

காணிப் பதிவுக் கந்தோரில் உறுதியின்ர பிரதி எடுக்கலாம் எண்டு தம்பியை அனுப்பினோம். உறுதி இலக்கமோ அதை எழுதின நொத்தாரிசின் பேரோ தெரிந்தால் தேடுறது சுகம். அம்மாவுக்கு இரண்டும் ஞாபகம் இல்லை. நொத்தாரிசு வீட்டுப் படலை பச்சை எண்டது மட்டும் ஞாபகம். கடைசியில் பக்கத்துக் காணிக்காரரின் உறுதிதான் கைகொடுத்தது. இரண்டையும் எழுதினது ஒரே ஆள்.

மே கடைசியில் வர்த்தமானியை மீளப் பெறுறதாக அரசாங்கம் அறிவித்தது. "பாத்தியளோ, எங்கட ஆக்கள் கேட்டவை" எண்டு தம்பி. "சனம் கத்தினபடியால்தான்" எண்டு சித்தப்பா. அம்மா ரெண்டு பேரையும் நம்பேல்லை. "எடுத்தவங்கள் திருப்பிப் போடமாட்டாங்களோ? பிரதி கைக்கு வரட்டும், உனக்கும் மாமாவுக்கும் ஒவ்வொண்டு அனுப்புறன். அது சரி, ஆவணிக்கு ரிக்கற் போட்டிட்டியோ?"