பழைய படகில் பாட்டும் படமும்: வயரிங் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் படகு 1988-இல் கட்டியது, 30 அடி. இன்னும் கேசட் பிளேயர்தான். நங்கூரம் போட்டு நிற்கும் மாலை நேரங்களில் அப்பாவுக்குப் பாட்டு வேண்டும். அவருக்காகவே புளூடூத் உள்ள மரைன் ஸ்டீரியோ, நான்கு ஸ்பீக்கர், கேபினில் ஒரு சின்ன டிவி வைக்கப் பார்க்கிறேன்.

போன வாரம் பழைய செட்டை வெளியே இழுத்தேன். வயரின் உறையைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு கறுத்துக் கிடக்கிறது. நுனியைத் தேய்த்தால் விரலில் பச்சைத் தூள் ஒட்டுகிறது. அதனால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரே புதிதாக இழுக்கப் போகிறேன். இதில் காசு மிச்சம் பிடிப்பதாக இல்லை.

குழப்பம் டிவியில்தான். பேட்டரி 12 வோல்ட், ஆனால் இன்ஜின் ஓடும்போது 14-ஐத் தாண்டுகிறது. வீட்டு டிவியை இன்வெர்ட்டரில் போட்டால், இன்வெர்ட்டரே தனியாகக் கரண்ட் குடிக்கும். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் டிவி இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குமா, நடுவில் வோல்டேஜ் ரெகுலேட்டர் வைக்க வேண்டுமா?

அப்புறம் ஸ்பீக்கர். ஸ்டீயரிங் பக்கம் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது; ஆனால் திசைகாட்டி அங்கிருந்து ஒரு அடிதான். சோதனைக்கு ஒரு ஸ்பீக்கரைப் பிடித்துப் பார்த்தேன், முள் உடனே நகர்ந்துவிட்டது. பாட்டுக்காகத் திசை தப்பக் கூடாது. எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்?

இன்னொன்று, பழைய செட் இருந்தபோது இன்ஜினை முடுக்கினால் ஸ்பீக்கரில் ‘கொய்ங்’ என்று ஒரு இரைச்சல் கூடவே ஏறும். ஃபில்டர் போட்டால் போகுமா, எர்த் வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.