ஒரு எஸ், இரண்டு எஸ்

2012 ஆனி மாதம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் பின்னேர ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தரம் 10 பிள்ளைகளை 'எங்கள் வீடு' என்று ஒரு பந்தி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை 2008இல் இடம்பெயர்ந்ததை எழுதியிருந்தாள். வீட்டை விட்டுப் போனோம் என்பதற்கு 'டிசேட்' என்ற சொல்லைப் போட்டு, அதில் இரண்டு எஸ் எழுதிவிட்டாள்.

சிவப்புப் பேனையால் ஒரு எஸ்ஸை வெட்டினேன். ஒரு எஸ் என்றால் கைவிடுதல், இரண்டு எஸ் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு தின்னும் இனிப்பு, உச்சரிப்பு ஒன்றுதான் என்று விளங்கப்படுத்தினேன். அதே ஒரு எஸ் சொல்லை, முதல் அசையை அழுத்தி 'டெசட்' என்றால் பாலைவனம்.

லத்தீனில் 'செரெரே' என்றால் இணைத்தல். முன்னால் 'தே' சேர்ந்து 'தேசெரெரே' ஆனால் இணைப்பை விடுதல், கைவிடுதல். ஆள் விட்டுப்போன இடம்தான் டெசட். மணலும் வெயிலும் பிறகு வந்தவை. எங்களுக்கு இது புதிதல்ல, பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவுதானே! மற்றச் சொல் பிரெஞ்சிலிருந்து 1600 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே 'தெசெர்வீர்' என்றால் பரிமாறியதை எடுத்து மேசையை வெறுமையாக்குவது. அதன் பிறகு வருவதால் இனிப்புக்கு அந்தப் பெயர்.

சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பிள்ளை எழும்பினாள்.

"ரீச்சர், நாங்கள் கைவிட்டுப் போகேல்லையே. அப்பா கதவைப் பூட்டித் திறப்பையும் கொண்டுதானே வந்தவர்."

வகுப்பே அமைதியாகிவிட்டது. அவள் சொன்னது முழுக்கச் சரி. காவலை விட்டு ஓடிய படைவீரனுக்கும், பெண்சாதி பிள்ளையை விட்டுப்போன தகப்பனுக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான். ஆளில்லாத ஊரை 'டிசேட்டட்' என்றால் அவ்வளவு உறுத்தாது. 'நாங்கள்' என்று எழுவாய் போட்டவுடன் பழி எங்கள் தலையில் விழுகிறது. நான் எழுத்தைத் திருத்தினேன், பொருளை அவள் திருத்தினாள்.

சரி, அந்த வரியையே வெட்டிவிட்டு 'வீ ஹாட் டு லீவ்' என்று எழுதினோம். போகவேண்டி வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை ஒரு பை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்தாள். வளவுக்குப் பின்னால் நிற்கும் மரத்தில் பழுத்தது.

"ரீச்சர், இது இரண்டு எஸ்."

பால் பட்டு உதடு ஒட்ட ஒட்ட, அன்று பாடம் தொடங்க முதல் எல்லாரும் தின்றோம்.