சொப்புச் சாமானைக் கொஞ்சங் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு போட்டோவா எடுத்துச் சேர்த்து ஓட்டுற படத்துல (ஸ்டாப் மோஷன்) நடிக்க வைக்கிறது எப்படி? எடுத்துப் பார்த்தவங்க சொல்லுங்க

அம்பாசமுத்திரம்:
வீட்டுச் சாமானுக்கு மனசு இருக்கிற மாதிரி பிள்ளைகளுக்குப் படம் எடுக்கிறவங்க, முதல்ல கண்ணு ஒட்டுறதை விட்டுருங்க. 1986ல பிக்ஸார் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' மேசை விளக்குக்கு முகமே கிடையாது. தலை சாயுறதுலயும் நிக்கிறதுலயும்தான் உணர்ச்சி. எங்க அம்பாசமுத்திரத்து மரச் சொப்புப் பானைக்கும் அதே கணக்கு. பானை வாடி நிக்கணுமா? பின்னால அடியில ஒரு அரிசி மணியைச் செருகுங்க, முன்னால லேசாச் சாயும். மூடியை போட்டோவுக்கு அரை மில்லிமீட்டரா 12 தடவை முன்னால நகர்த்துங்க. அப்புறம் 10 போட்டோ அளவுக்கு எதையும் தொடாதீங்க. அந்தச் சும்மா நிக்கிற நேரத்துலதான் பானை யோசிக்குதுன்னு பிள்ளைக்குத் தோணும். அதை வெட்டினா மரக்கட்டைதான் மிச்சம்.

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி சொல்ற அந்த 10 போட்டோ ஒரு நொடிக்கும் குறைவுதான், பயப்படாம விடுங்க. நொடிக்கு 12 போட்டோ, ஒரு நிமிஷப் படத்துக்கு 720. துள்ளுறதுக்கு முன்னால 3 போட்டோ பின்னால சாய்க்கணும். நகர்த்தும்போது 2, 4, 8, 8, 4, 2 மில்லிமீட்டர்னு போங்க. எல்லாம் ஒரே அளவா இருந்தா யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி தெரியும். உருண்டைச் சாமான் நிக்காது. அடியில தேன்மெழுகு ஒரு மிளகளவு போதும். கூடினா சாமானை எடுக்கும்போது அடியில விரிச்ச பாயும் சேர்ந்து வரும்.

தென்காசி:
படம் மினுக் மினுக்னு அடிக்குதுன்னா வெளிச்சம்தான் காரணம். சாரல் காலத்துல ஜன்னல் வெளிச்சத்தை நம்பவே கூடாது, மேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஜன்னலை மூடி ரெண்டு எல்இடி பல்பு போடுங்க. போன்ல எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூணும் தானா மாறாம லாக் பண்ணணும். பல்போட மினுக்கு படத்துல விழாம இருக்க ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/25 நொடி வைங்க. சொப்புல பூசின அரக்குச் சாயம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பல்புக்கு முன்னால பட்டர் பேப்பர் கட்டுங்க. எடுக்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டா அதுவும் பானையில அசையும். கருப்புச் சட்டைதான் நல்லது.

பத்தமடை:
கோரைப்பாயைத் தரையா விரிச்சா நாலு மூலையையும் ஊசி குத்தி இறுக்கிருங்க. நெருக்கமான பாய்னா அந்தக் கோடெல்லாம் போன்ல அலை அலையாத் தெரியும். கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனா சரியாப் போயிரும். சத்தத்தைச் சொப்புல எடுக்காதீங்க, டொக்னு சின்னதாத்தான் கேட்கும். அடுப்படியில இருக்கிற நிஜ உரல்ல உலக்கையைத் தட்டிப் பதிவு பண்ணுங்க. சொப்பு உரலுக்கும் கனம் வந்திரும்.