‘பில்டு லாக்’ – ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

திங்கள் இரவு – பினாங்குத் தீவிலிருந்து, ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் மின்னணுவியலும் நிரலாக்கமும் சொல்லிக்கொடுக்கிறேன். பதினொரு குழுக்கள். ஆர்டுயினோ, மைக்ரோபிட் என்று கையளவு மின்னணுப் பலகைகளில் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு, நிரல் எழுதி ஏதாவது செய்கிறார்கள். செய்வதை அன்றன்றே எழுதிவைக்க இணையத்தில் ஒரு பக்கம் தயாராகிறது. படம், நிரல், சுற்றுப்படம் எல்லாம் அதில் ஏறும். வெள்ளிக்கிழமை மாலை பக்கத்தின் அமைப்பை முடித்துக் கொடுத்தாக வேண்டும். தலைப்பில் வரவேண்டிய சொல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘பில்டு லாக்’ என்கிறார்கள்.

போன தவணை ‘செயல்திட்ட அறிக்கை’ என்று போட்டோம். அது ஏன் சரிப்படவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு குழு கறிவேப்பிலைக் கன்றுக்குத் தானே தண்ணீர் ஊற்றும் கருவி செய்தது. ஈரத்தை அளக்க மண்ணில் குத்திவைக்கும் இரண்டு கால் உணரி. மண் காய்ந்திருந்தால் 1023-ஐ ஒட்டி எண் காட்டும், நனைந்தால் 300 வரை இறங்கும். முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. இரண்டாம் வாரம் மண் சொதசொதவென்று இருக்கும்போதே 850 காட்ட, பம்பு நிற்காமல் ஓடி, காலையில் வகுப்பறைத் தரையெல்லாம் தண்ணீர். உணரியைப் பிடுங்கினால் ஒரு கால் பச்சையும் கறுப்புமாக அரித்துப் போயிருந்தது. எந்நேரமும் மின்சாரம் ஓடியதால் ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடந்து, மேலிருந்த உலோகப் பூச்சு கரைந்திருக்கிறது. அதைப் பையன்களே கண்டுபிடித்தார்கள். அரைமணிக்கு ஒரு முறை, அளக்கும் நொடியில் மட்டும் உணரிக்கு மின்சாரம் போகும்படி நிரலை மாற்றினார்கள். எனக்கு அன்று மெய்சிலிர்த்தது. அறிக்கையில் அவர்கள் எழுதியது இது: “எங்கள் கருவி நன்றாகச் செயல்பட்டது. செடி செழிப்பாக வளர்ந்தது.” தண்ணீர் கதையே இல்லை. ஏன் என்று கேட்டேன். “அறிக்கைன்னா நல்லதைத்தானே எழுதணும், டீச்சர்?” என்றான் அவர்களில் ஒருவன்.

‘நாட்குறிப்பு’ என்று போடலாமா என்று யோசித்தேன். கட்டுரைப் பயிற்சியில் நாட்குறிப்பு எழுதிப் பழகிய பிள்ளைகள், காலையில் எழுந்து குளித்ததிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

* * *

செவ்வாய் காலை – கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து, ஒரு மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், வலைப்பதிவு என்பதிலேயே ‘லாக்’ என்பதற்குப் ‘பதிவு’ வந்து ஊன்றிவிட்டது. ‘உருவாக்கப் பதிவு’ என்று போட்டு வேலையை முடியுங்கள். எல்லோருக்கும் புரியும்.

* * *

செவ்வாய் மதியம் – கோலாலம்பூரிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழ் விரிவுரையாளர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

‘பதிவு’ இன்று எல்லாச் சுமையையும் தூக்குகிறது. திருமணப் பதிவு, வாக்காளர் பதிவு, ஒலிப்பதிவு, முகநூல் பதிவு. இன்னொரு பொருளை ஏற்றினால் அது தாங்காது. தமிழ் விக்கிப்பீடியாவினர் புகுபதிகை, விடுபதிகை என்று புழங்கி வருகிறார்கள். ‘லாக்’ என்பதற்குப் பதிகை. அதை எடுத்துக்கொண்டு ‘ஆக்கப் பதிகை’ என்று வையுங்கள். ‘கை’ ஈறு தொழிலைக் காட்டும்: செய்கை, வருகை, நடக்கை.

பதிகை என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பதிகம் நினைவுக்கு வரும். வரட்டும். தேவாரப் பதிகத்தை மட்டும் நான் சொல்லவில்லை. சேர மன்னர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் ஒரு பதிகம் உண்டு. பாட்டுடைத் தலைவன் யார், அவன் செய்தவை எவை, பாடிய புலவர் யார், பெற்ற பரிசில் என்ன, எத்தனை ஆண்டு ஆண்டான் என்று அது சொல்லும். ஒவ்வொரு பாட்டின் கீழும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று நான்கு குறிப்புகள். ஒரு படைப்பை அதன் விவரங்களோடு சேர்த்துக் காக்கவேண்டும் என்பது இந்த மொழியில் புதிய எண்ணம் அன்று. முதற்பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை; கிடைத்த எட்டையும் அறிய அந்தப் பதிகங்களே கைவிளக்கு. உங்கள் மாணவன் தன் பக்கத்தின் தலையில் யார், எப்போது, எந்தப் பலகை, எந்த உணரி என்று எழுதுகிறான் அல்லவா? அதுவும் பதிகம்தான்.

பிழைகளை எழுத ஒரு கட்டம் வைத்திருப்பீர்கள். அதற்கு ‘வழு’ என்று பெயரிடுங்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகப் பிரித்த நன்னூல் நம்மிடம் இருக்கிறது. தெரிந்தே விட்டுவைத்த குறைக்கு ‘வழுவமைதி’ இருக்கிறது. சான்றோர் வழக்கால் ஏற்கப்பட்ட பிழை. இதைவிடப் பொருத்தமாக யார் செய்து தர முடியும்?

* * *

செவ்வாய் இரவு – பாயான் லெப்பாஸிலிருந்து, ஒரு பொறியாளர்

ஐயா, வழுவும் வழுவமைதியும் அருமை. நாங்கள் ஆலையில் தினமும் பார்ப்பது அதைத்தான். சரிசெய்யாமல், ஆனால் எழுதிவைத்து, அதோடு பிழைத்துப்போகும் குறைகள்.

மற்றதில் எனக்கு வேறு கருத்து. பாயான் லெப்பாஸ் வணிக வலயம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இங்கே திறந்ததும் அதே ஆண்டு. அந்தக் காலத்தில் வேலைக்குப் போனவர்களில் என் அம்மாவும் ஒருவர். உருப்பெருக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. ஷிப்டு முடியும்போது அடுத்து வருபவருக்காக நோட்டில் எழுதிவைத்துவிட்டு வருவாராம். இந்த மெஷின் இடது பக்கம் கொஞ்சம் சறுக்குகிறது, இரண்டு மணியிலிருந்து மூன்று தடவை கம்பி அறுந்தது என்று. அதில் பெருமை பேச இடமில்லை. பொய் எழுதினால் அடுத்த ஷிப்டுக்காரர் மாட்டிக்கொள்வார். டீச்சர் தேடுவது இந்த எழுத்தைத்தான் என்று நினைக்கிறேன். நமக்குப் பிறகு அந்த இடத்தில் வந்து உட்காரப் போகிறவருக்காக எழுதுவது.

‘லாக்’ என்ற சொல்லே கட்டையிலிருந்து வந்தது. கயிற்றில் முடிச்சுகள் போட்டு, நுனியில் கட்டையைக் கட்டிக் கடலில் விடுவார்கள். மணற்கடிகை தீரும்வரை எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியது என்று எண்ணுவார்கள். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்பது அதனால். அந்த எண்ணிக்கையை எழுதிவைத்த புத்தகம் லாக் புத்தகம். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஒரு ரிலேயில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு விசையில், அந்துப்பூச்சி சிக்கியது. அதைப் பிடுங்கி லாக் புத்தகத்திலேயே பசைநாடாவால் ஒட்டி வைத்தார்கள். கருவியில் வரும் கோளாறைப் பூச்சி என்ற பொருளில் ‘பக்’ என்று சொல்வது எடிசன் காலத்திலேயே உண்டு. ஆனால் பூச்சியையே பக்கத்தில் ஒட்டிய அந்தக் குணம்தான் பிள்ளைகளுக்கு வரவேண்டும். அரித்துப்போன அந்த உணரிக் காலைப் படமெடுத்துப் போடச் சொல்லுங்கள், டீச்சர்.

சொல் என்று கேட்டால் என்னிடம் இல்லை. ‘பதிகை’யை என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “பதுங்குறதா?” என்றாள்.

* * *

புதன் காலை – பினாங்குத் தீவிலிருந்து, இன்னோர் உறுப்பினர்

என் அப்பா பினாங்கு வீதியில் ஒரு கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வரவும் செலவும் நடக்க நடக்க, அடித்தல் திருத்தலோடு எழுதுவது சிட்டை. சாயங்காலம் அதைப் பார்த்து, அழகான கையெழுத்தில் பேரேட்டில் ஏற்றுவார். ஆண்டு முடிவில் ஐந்தொகை. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று குணம். டீச்சர், உங்கள் பிள்ளைகள் நேராகப் பேரேடு எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சிட்டை. இந்திக்காரர்கள் வலைப்பதிவையே ‘சிட்டா’ என்றுதான் சொல்கிறார்கள்.

* * *

புதன் மதியம் – கோலாலம்பூர் விரிவுரையாளர்

அம்மா, தாங்களே சொல்லிவிட்டீர்கள், இந்தியில் இருக்கிறது என்று. சிட்டை வடபுலத்திலிருந்து வந்த சொல். கிட்டங்கிக் கணக்கில் அது இருக்கட்டும். வந்தவற்றை நான் விரட்டச் சொல்லவில்லை. புதிதாக ஒன்றை நாமே அமைக்கும் வாய்ப்பு கிடைக்கும்போது ஏன் இரவல் வாங்கவேண்டும்? இந்த நாட்டில் நாம் ‘கைப்பேசி’ என்று சொல்லிப் பழகினோம், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். முதல் நாள் அதுவும் புதுச்சொல்தான். பதுங்குவதா என்று ஒரு குழந்தை கேட்டால், இல்லையம்மா, பதிவது என்று சொல்லிக்கொடுப்பதற்குத்தானே நாம் இருக்கிறோம்?

* * *

புதன் இரவு – பிரிக்பீல்ட்ஸ் மொழிபெயர்ப்பாளர்

ஐயா கோபிக்கக்கூடாது. சொல்லிக்கொடுக்க நாம் இருக்கிறோம், சரி. ஆனால் அந்தப் பக்கத்தை மாலை ஆறு மணிக்கு வீட்டில் திறக்கும் பிள்ளை பக்கத்தில் நாம் இல்லை.

என் ‘உருவாக்கப் பதிவு’ நீளம் என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. பொறியாளர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இதை வைக்கிறேன்: செய்குறிப்பு. வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. “காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை” என்று நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்கள். செய்த குறிப்பு, செய்கிற குறிப்பு, செய்யும் குறிப்பு, மூன்றும் உள்ளே இருக்கின்றன. நேற்று என்ன செய்தோம், இப்போது எங்கே நிற்கிறோம், நாளைக்கு எதை முயலவேண்டும் என்று அந்தப் பக்கத்தில் பிள்ளை எழுதப்போவதும் அதே மூன்றுதான். நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள், டீச்சர். வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

* * *

வியாழன் காலை – கோலாலம்பூர் விரிவுரையாளர்

செய்தொழில் போல அமைப்பு சரியாக இருக்கிறது. அதைப் பாராட்டுகிறேன். ஆனால் கேட்பவர் காதில் அது ‘செய்முறைக் குறிப்பு’ என்றே விழும். சமையல் குறிப்பு, வீட்டுக் குறிப்பு என்று பழகிய காது. எப்படிச் செய்வது என்று பிறருக்குச் சொல்வது வேறு. என்ன நடந்தது என்று தனக்கும் பின்வருவோருக்கும் எழுதிவைப்பது வேறு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை புதுச்சேரியில் எழுதிவைத்தாரே, எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று. அது இரண்டாவது வகை. அவர் எழுத்தும் குறிப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ‘செய்’ முன்னால் வந்து நின்றால்தான் பொருள் மாறிவிடுகிறது.

* * *

வியாழன் இரவு – ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை வகுப்பில் ‘ஆக்கப் பதிகை’, ‘சிட்டை’, ‘செய்குறிப்பு’ என்ற மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி எழுதச் சொன்னேன்.

‘ஆக்கப் பதிகை’ என்பதற்குக் கீழே பெரும்பாலான குழுக்கள் எதுவும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்குப் போகும் ஒரு பெண் மட்டும், “இது சாமி பாட்டா டீச்சர்?” என்று கேட்டாள். ஐயா, மன்னிக்கவேண்டும். நீங்கள் சொன்ன பதிற்றுப்பத்து விஷயத்தை அவளிடம் சொன்னேன். உடனே தன் பக்கத்தின் மேலே குழுவின் பெயர், தேதி, பலகையின் பெயர், உணரியின் பெயர் எல்லாம் எழுதிக் கீழே கோடு போட்டாள். அந்தப் பகுதிக்குப் ‘பதிகம்’ என்று பெயர் வைக்கலாமா என்று அவளாகவே கேட்டாள். வைத்துவிட்டேன்.

‘சிட்டை’யை ஒரு பையன் சிட்டு, குருவி என்று நினைத்தான். விளக்கியதும் பிடித்துப்போயிற்று.

‘செய்குறிப்பு’ என்பதற்குக் கீழே எட்டுக் குழுக்கள் நான் எதிர்பார்த்தபடியே எழுதின. தண்ணீர்க் கருவி செய்த பையனின் வரிகளை அப்படியே தருகிறேன்: “செவ்வாய்: எண் 310. புதன்: 320. வியாழன்: 790, ஆனால் மண் ஈரம். கம்பியை ஆட்டினேன், மாறவில்லை. காலைத் துடைத்தேன், கறுப்பு போகவில்லை. நாளைக்கு வேறு உணரி மாட்டிப் பார்க்கவேண்டும்.” மூன்று காலமும் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு இதைக் காட்டவேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

மற்ற மூன்று குழுக்கள், ஐயா சொன்னது போலவே, “முதலில் ஒரு எல்.இ.டி. எடுத்துக்கொள்ளவும். நீளமான காலை எட்டாம் எண்ணில் செருகவும்” என்று செய்முறை எழுதிவிட்டன. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

பிழைக் கட்டத்துக்கு ‘வழு’ என்பதில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளைகள் அதற்குள் “டீச்சர், எனக்கு ஒரு வழு வந்திருக்கு” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தலைப்புக்கு ‘செய்குறிப்பு’ என்று போடுகிறேன். கீழே சின்ன எழுத்தில் “இன்று என்ன நடந்தது?” என்று ஒரு வரி சேர்க்கிறேன். அந்த மூன்று குழுக்களையும் அது சரியான பக்கம் திருப்பும் என்று நம்புகிறேன். மறுப்பு இருந்தால் நாளை மாலை நான்கு மணிக்குள் சொல்லுங்கள்.

* * *

வெள்ளி காலை – பாயான் லெப்பாஸ் பொறியாளர்

எனக்குச் சம்மதம், டீச்சர். பழைய ஆர்டுயினோ யூனோ பலகைகள் நான்கு என்னிடம் சும்மா கிடக்கின்றன. நாளை காலையில் கொண்டுவந்து தருகிறேன்.

* * *

வெள்ளி மதியம் – கிட்டங்கி பற்றி எழுதிய உறுப்பினர்

சரி. ஆனால் வீட்டில் நான் சிட்டை என்றுதான் சொல்லப்போகிறேன்.

* * *

வெள்ளி, மாலை 3.50 – கோலாலம்பூர் விரிவுரையாளர்

பெரும்பான்மைக்கு இணங்குகிறேன். என் மறுப்பு நீங்கவில்லை. “இன்று என்ன நடந்தது?” என்ற வரி இல்லாமல் நிற்க முடியாத தலைப்பு, இன்னும் முழுச் சொல்லாகவில்லை. அடுத்த தவணை எத்தனை குழுக்கள் செய்முறை எழுதுகின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். அப்போது மீண்டும் பேசுவோம். பதிகம் கேட்ட அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், ஆசிரியை. நான்காம் பத்தின் பதிகத்தைப் பதம் பிரித்து, எளிய உரையோடு தனியே அனுப்புகிறேன். அவளிடம் கொடுங்கள்.