பொருள்: ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,

ஜெர்மனியில் தங்குவதற்கான விதிகள் பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. விசாவை விசா என்றே விட்டாயிற்று. 'நுழைவிசைவு' அழகான சொல்தான், ஆனால் தூதரக வரிசையில் நிற்பவர் யாரும் அதைச் சொல்வதில்லை. போய்ச் சேர்ந்தபின் வாங்கும் அட்டைக்கு 'வதிவிட அனுமதி'. காலவரையறை இல்லாததற்கு 'நிரந்தர வதிவிட அனுமதி'. செய்தித்தாள்கள் இதையே 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதித் தொலைக்கின்றன. குடியுரிமை என்றால் ஜெர்மன் பாஸ்போர்ட்டும் ஓட்டும் கூடவே வரவேண்டும். இதில் இரண்டும் இல்லை.

சிக்கல் தலைப்பில் உள்ள சொல்லில்தான். அட்டையின் காலம் முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாயிற்று, முடிவு வரவில்லை, அட்டை காலாவதியாகிவிட்டது. அந்த இடைவெளியில் வெளிநாட்டவர் அலுவலகம் 13 யூரோ கட்டணத்துக்குத் தரும் மடிப்புத் தாள் இது. 'தற்காலிக விசா' என்று போடலாமா?

——

> 'தற்காலிக விசா' என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. அந்தத் தாள் வீசாவும் இல்லை, அனுமதியும் இல்லை. வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவைப் பாருங்கோ. உரிய நேரத்தில் விண்ணப்பித்த உடனேயே சட்டம் தானாக வேலை செய்யத் தொடங்குகிறது. அலுவலர் எதையும் வழங்குவதில்லை. ஏற்கெனவே உண்டாகிவிட்ட நிலையை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆகவே சொல்லின் கடைசியில் 'சான்று' வரவேணும். 'அனுமதி', 'உரிமம்' எல்லாம் பிழை.

இணையவழி விண்ணப்பம் போனதும் தானாக வரும் 'பெற்றுக்கொண்டோம்' மின்னஞ்சலையும் இந்தச் சான்றையும் ஒன்றென்று பலர் நினைக்கினம். முன்னது விண்ணப்பித்த திகதிக்கு ஆதாரம். அதைப் பத்திரமாக வைத்திருக்க வேணும். ஆனால் விமான நிலையத்தில் அது செல்லாது.

——

சரி, அப்படியென்றால் 'இடைக்காலச் சான்று'?

——

'இடைக்கால' என்றதும் தமிழ் வாசகர் மனதில் வருவது இடைக்கால ஜாமீன், இடைக்கால நிவாரணம். இரண்டிலும் ஒருவர் மனு போட, இன்னொருவர் பார்த்து இரங்கி உத்தரவிடுகிறார். இங்கே யாரும் உத்தரவிடவில்லை என்று மேலே ஈழத்து நண்பர் சொன்னதே அடிபட்டுப் போகும்.

மூலச்சொல்லின் முதல் பாதி 'ஃபிக்ட்ஸியோன்'. நேராகப் பெயர்த்தால் புனைவு. 'புனைவுச் சான்று' என்று அச்சிட்டால் போலிச் சான்றிதழ் வழக்கில் உள்ளே போக வேண்டியதுதான்! சட்டத்தில் அதன் பொருள் வேறு: உண்மையில் அட்டை காலாவதி, ஆனால் காலாவதியாகாதது போலவே சட்டம் நடத்தும். நம் சட்டத் தமிழில் இதற்கு வாய்பாடே இருக்கிறது: '...எனக் கருதப்படும்'. அதிலிருந்து 'கருதுநிலைச் சான்று' என்பது என் பரிந்துரை.

——

'கருதுநிலை' என்றால் கருதுகோளின் தம்பி போல ஒலிக்கிறது. பேச்சில் 'பச்சைத் தாள்' என்கிறார்களே, அது போதாதா? தாள் பச்சையாகத்தான் இருக்கிறது.

——

பச்சை ஒன்றல்ல, இரண்டு. வதிவிட அட்டையோடு சேர்த்துத் தருகிற இணைப்புத் தாளும் பச்சைதான். எந்த நிறுவனத்தில் என்ன வேலை செய்யலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். 'பச்சைத் தாளைக் கொண்டுவாருங்கள்' என்று கையேட்டில் எழுதினால் பாதிப்பேர் மற்றதை எடுத்துக்கொண்டு போய் நிற்பார்கள்.

ஆனால் சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை யாரும் இன்னும் தொடவில்லை. தாள் ஒன்று, நிலை மூன்று. 3ஆம் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். எதில் குறி போட்டிருக்கிறது என்பதே முழு விஷயம்.

மூன்றாவது கட்டம், 81(4): பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும். வேலை செய்யும் உரிமையும் பழைய நிபந்தனைகளோடு அப்படியே தொடரும். 'பழைய நிபந்தனைகளோடு' என்பதை அடிக்கோடிட வேண்டும். படிப்புக்கான அட்டை வைத்திருந்தவர் நீல அட்டைக்கு (உயர்கல்வி பெற்ற பணியாளருக்கான வதிவிட அனுமதி) விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாலும், இதை மட்டும் நம்பி முழுநேர வேலையில் சேர முடியாது. ஆண்டுக்கு 140 முழு நாள் என்ற மாணவர் வரம்பே நிற்கும். வெளிநாடு போய்த் திரும்பலாம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட், காலாவதியான அட்டை, இந்தச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். 'முடிந்துபோன அட்டைதானே' என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

முதல் கட்டம், 81(3) முதல் வாக்கியம்: விசா இல்லாமலே சட்டப்படி நுழைந்தவர் அங்கேயே விண்ணப்பித்தால், அவர் தங்குவது அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும். கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் இதில் வருவார்கள்; நுழைந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளே இருக்கும்வரை சரி. வெளியே போனால் இதைக் காட்டி மறுபடி நுழைய முடியாது.

இரண்டாவது கட்டம்: அதே ஆள் காலம் தாழ்த்தி விண்ணப்பித்தால், நாடுகடத்தல் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருதப்படும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மூன்றையும் 'தற்காலிக விசா' என்று சொன்னால் முதல் கட்டக்காரர் நம்பி டிக்கெட் எடுத்துவிடுவார்.

——

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கலாம்.

ஒன்று: 90 நாள் ஷெங்கன் வீசாவில் போனவருக்கு 81(4) பொருந்தாது, பிரிவே அதை விலக்கி வைத்திருக்கிறது. வதிவிட அட்டை முடிந்து ஒரு நாள் பிந்தி விண்ணப்பித்தாலும் தொடர்ச்சி தானாக வராது. மிகுந்த இடர் ஏற்படும் என்று கண்டால் அலுவலகம் தொடர்ச்சியை உத்தரவிடலாம், ஆனால் அது அவர்களின் விருப்பம். அங்கே மட்டும்தான் உண்மையில் ஒருவர் 'வழங்குகிறார்'.

மற்றது: இரண்டாவது கட்டத்தை எங்கட ஆக்கள் நன்றாக அறிந்த 'டுல்டுங்' உடன் குழப்பக் கூடாது. டுல்டுங் 60அ பிரிவு. அகராதிப்படி 'சகித்தல்' என்றாலும் சட்டப்படி அது நாடுகடத்தலை ஒத்திவைப்பது. பட்டியலில் அதற்கு 'நாடுகடத்தல் ஒத்திவைப்பு' என்று போட்டாயிற்றென்றால், இரண்டாவது கட்டத்துக்கு 'ஒத்திவைப்புக் கருதுநிலை' என வைக்கலாம். உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும்.

——

ஒப்புகிறேன். கையேட்டில் இப்படி வரும்:

கருதுநிலைச் சான்று: வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தவரின் நிலை, முடிவு வரும்வரை சட்டத்தால் எவ்வாறு கருதப்படுகிறது என்று காட்டும் தாள். வகை மூன்று: தங்கல் கருதுநிலை (முதல் கட்டம், வெளியே போனால் இதைக் கொண்டு திரும்ப முடியாது), ஒத்திவைப்புக் கருதுநிலை (இரண்டாம் கட்டம்), தொடர்வுக் கருதுநிலை (மூன்றாம் கட்டம், பழைய அட்டையோடு சேர்த்தே பயணத்துக்குச் செல்லும்).

பக்கத்தில் மூன்று கட்டங்களையும் படமாகப் போட்டுவிடலாம். அலுவலக முகப்பில் சொல்ல வேண்டியது ஜெர்மன் சொல்லைத்தானே, அதனால் மூலச்சொல்லின் ஒலிப்பும் தமிழ் எழுத்தில் கூடவே இருக்கட்டும்.

——

'தங்கல் கருதுநிலை' உறுத்துகிறது. மற்ற இரண்டிலும் ஒற்று மிக, இது மட்டும் தனித்து நிற்கிறது. 'தங்கற் கருதுநிலை' என்று புணர்த்தினால் யாரும் படிக்கமாட்டார்கள். 'வதிவுக் கருதுநிலை' ஆக்கிவிடுங்கள், வதிவிட அனுமதியோடும் ஒட்டும்.

——

மாற்றியாயிற்று.