நீண்ட நாள் நின்ற கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் பெட்ரோல் கார், எம்பிஎஃப்ஐ இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்). ஒரு வருடத்துக்கும் மேல் ஓடாமல் நின்றிருந்தது. இப்போது காலையில் முதல்முறை செல்ஃப் வெகுநேரம் சுற்றுகிறது. பிடித்த பிறகும் சில நொடி தடுமாறி, கறும்புகை விட்டு, அப்புறம்தான் சீராகிறது. சூடாக இருக்கும்போது சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகிவிடும்.

பேட்டரி சரியாக இருக்கிறது: ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போதும் 10-க்குக் கீழே இறங்கவில்லை. பழைய பெட்ரோலை இறக்கிவிட்டோம், ஃபில்டரும் பிளக்குகளும் மாற்றியாயிற்று.

ஒன்றைக் கவனித்தேன். சாவியை ஆன் செய்து, பெட்ரோல் பம்பின் 'உய்ங்' சத்தம் அடங்கியதும் ஆஃப் செய்து, இப்படிச் சிலமுறை செய்துவிட்டு அடித்தால் உடனே பிடிக்கிறது. அப்படியென்றால் ராத்திரியில் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்றுதானே அர்த்தம்? பம்பின் ஒருவழி வால்வு கசிகிறதா, இல்லை பழைய பெட்ரோலின் பிசின் படிந்து இன்ஜெக்டர் சொட்டுகிறதா? காலையில் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக் மட்டும் கரிபிடித்து, பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருக்கிறது. அதனால் எனக்கு இன்ஜெக்டர் மேல்தான் சந்தேகம். மெக்கானிக்கோ பம்பையே மாற்றச் சொல்கிறார்.

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, பம்ப் நின்றதும் டேங்க் பக்கக் குழாயை அடைத்துப் பார்க்கலாம். அப்போதும் முள் இறங்கினால் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். ஆனால் குழாய் கெட்டி பிளாஸ்டிக், கிளாம்ப் போட்டு நெரித்தால் விரிசல் விடும். நீங்கள் எப்படி அடைப்பீர்கள்? இப்படிப் படிந்த பிசின் அல்ட்ராசானிக் கிளீனிங்கில் (ஒலி அலையால் சுத்தம் செய்வது) போகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.