நள்ளிரவு தாண்டிய மணி எந்த நாளைச் சேர்ந்தது? உங்கள் அனுபவங்கள்

விழுப்புரத்திலிருந்து ஒருவர்

தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காகத் திருநெல்வேலி செல்வதற்கு என் மகன் நான்கு படுக்கைகள் முன்பதிவு செய்திருந்தான். பயணத் தேதி 24. வண்டி விழுப்புரத்திலிருந்து புறப்படும் நேரம் 00.20. நாங்கள் 24ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பதினொன்றரைக்கெல்லாம் பெட்டிகளோடு நடைமேடையில் உட்கார்ந்துவிட்டோம். வண்டியும் நேரத்துக்கு வந்தது. ஏறிப் பார்த்தால், எங்களுடைய 33ஆம் எண் கீழ்ப் படுக்கையில் ஒரு பெரியவர் போர்த்திக்கொண்டு உறங்குகிறார்.

எழுப்பிக் கேட்டபோது அவர் தம் சீட்டை நீட்டினார். அதே வண்டி, அதே பெட்டி, அதே எண். வேடிக்கை என்னவென்றால் தேதியும் அதே 24. கணினிதான் தவறு செய்துவிட்டது என்று நான் குரலை உயர்த்திக்கொண்டிருந்த வேளையில் டிக்கெட் பரிசோதகர் வந்து, இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இவர் 24ஆம் தேதி இரவு சென்னையில் ஏறியவர். உங்கள் வண்டி 23ஆம் தேதி இரவு சென்னையில் புறப்பட்டு, 24 பிறந்து இருபதாவது நிமிடத்தில் உங்கள் ஊரைக் கடந்துவிட்டது. நீங்கள் ஒரு நாள் தாமதம்" என்றார். கட்டணமும் அபராதமும் கட்டி, விடியும்வரை கதவோரம் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பயணம் செய்தோம். இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் எழுதினால் குழப்பமே வராது என்று அதுவரை நம்பியிருந்தேன். அது காலையா மாலையா என்ற குழப்பத்தைத்தான் தீர்க்கும். நேற்றா இன்றா என்பதைத் தீர்க்காது. இப்போதெல்லாம் இத்தகைய சீட்டின் மேல் '23 இரவு, விடிந்தால் 24' என்று பேனாவால் எழுதி வைத்துவிடுகிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்

உங்களுக்கு ஓர் இரவோடு போயிற்று. எனக்கு இது பல ஆண்டுகள் நீடித்தது. நான் பிறந்தது 1974 மார்ச் 15, பின்னிரவு 2.54 மணிக்கு. நகராட்சிப் பதிவேட்டில் அப்படித்தான், வெள்ளிக்கிழமைக்குரிய தேதியாக இருக்கிறது. ஆனால் என் ஜாதகத்தில் பிரமாதீச வருடம், வியாழக்கிழமை, உதயாதி நாழிகை 51-15 என்று எழுதியிருக்கிறது. பஞ்சாங்கத்தின்படி ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிகிறது. அந்த நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். வியாழக்கிழமை உதயம் 6.24 என்று வைத்துக்கொண்டால், நான் பிறக்கும்போது இருபதரை மணி நேரம் கடந்திருந்தது. அதை இரண்டரையால் பெருக்கினால் ஐம்பத்தொன்றே கால் நாழிகை. ஜோதிடர் அச்சு அசலாகச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. என்னைச் சேர்க்கப் போன தாத்தா, ஜாதகக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, "14ஆம் தேதி ராத்திரி பிறந்தான்" என்று சொல்ல, எழுத்தர் 14 என்று பதிந்துவிட்டார். பின்னாளில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது பிறப்புச் சான்றிதழில் 15, பள்ளிச் சான்றிதழில் 14 என்று இரண்டு தேதிகள் நின்றன. உறுதிமொழிப் பத்திரத்தில் காரணத்தை எழுதச் சொன்னார்கள். 'என் தாத்தாவுக்கு நாள் விடியலில் பிறக்கிறது' என்று எழுத முடியுமா? 'எழுத்துப் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் செய்தது பிழையே அல்ல என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

காயல்பட்டினத்திலிருந்து ஒருவர்

எங்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. ஆகவே 'வெள்ளி இரவு' என்று வீட்டில் சொன்னால், அது வியாழக்கிழமை மாலைக்குப் பின் வருகிற இரவு. ரமலான் 27ஆம் இரவும் 26ஆவது நோன்பைத் திறந்ததும் தொடங்கிவிடும். அலுவலகத்தில் என்னுடன் பணியாற்றிய நண்பரை அந்த 27ஆம் இரவன்று வீட்டுக்கு அழைத்திருந்தேன். அவர் கைப்பேசியில் பார்த்து 27ஆவது நோன்பு எந்தத் தேதி என்று கணக்கிட்டு, அந்த நாள் முடிந்த இரவில், பழங்களும் இனிப்புமாக வந்து நின்றார். முந்தைய இரவு விழித்த களைப்பில் வீடே உறங்கிக்கொண்டிருந்தது. உம்மா எழுந்து, இருந்ததைச் சூடாக்கிப் பரிமாறினார்கள். தவறு நண்பருடையதன்று, தேதியைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சிவகாசியிலிருந்து ஒருவர்

திருமண அழைப்பிதழ் அச்சிடுவது என் தொழில். விடியற்காலை முகூர்த்தம் என்றாலே எங்கள் அச்சகத்தில் இருமுறை மெய்ப்புப் பார்ப்போம். ஒருமுறை தமிழ்ப் பக்கத்தில் '12ஆம் தேதி வியாழக்கிழமை இரவு (விடிந்தால் வெள்ளி) 3.00 மணிக்கு மேல் 4.30 மணிக்குள்' என்றும், ஆங்கிலப் பக்கத்தில் 13, வெள்ளிக்கிழமை என்றும் கோத்தோம். இரண்டும் ஒரே நேரம்தான். இருந்தாலும் தாலி கட்டுவது 12இலா 13இலா என்று கேட்டு மணமகன் வீட்டுத் தொலைபேசி ஒரு வாரம் ஓயவில்லை. அரை நூறு அழைப்பிதழ்களுக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டித் தந்தோம், எங்கள் செலவில்.

ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியல்களில் பின்னிரவு ஒரு மணியை 25 மணி என்று முந்தைய நாளோடு சேர்த்தே குறிப்பிடுவதுண்டு என்று அறிந்தபோது பொறாமையாக இருந்தது. ஆனால் '27 மணிக்கு மேல் முகூர்த்தம்' என்று அச்சிட்டுக் கொடுத்தால் என்னை அடிக்க வருவார்கள். அதனால் நான் இப்போது தேதியைக் கேட்பதே இல்லை. "மண்டபத்தில் எந்தக் கிழமை இராச்சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகே அச்சுக் கோக்கிறேன்.